ஆயாவை நிறுத்திய பங்குனி

பங்குனி பிறந்த அன்றைக்குக் காலையில் மேனேஜர் வைகுண்டராஜ் எல்லாரையும் உட்கார வைத்து, இனிமேல் ஆயா கிடையாது என்று சொன்னார்.

உட்கார வைத்து என்பது ஒரு பேச்சுக்குச் சொல்வதுதான். அந்தக் கட்டுத்துணி செட்டில் இருந்த பெண்களில் இரண்டு பேர் எப்போதும் உட்கார்ந்தே இருப்பவர்கள். மீதிப் பேர் காலில் இரும்பு மாட்டிக்கொண்டு, கம்பு ஊன்றி நடப்பவர்கள். ராஜபாளையத்தில் இருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற ரோட்டோரம், மில் சங்கு கேட்கிற தூரத்தில் இருந்தது அந்த இடம். ஆஸ்பத்திரிகளுக்குப் போகிற கட்டுத்துணியை வெட்டிச் சுருட்டித் தாளில் பொதிந்து கட்டுகிற வேலை. முன்னால் வேலை பார்க்கிற தகரக் கொட்டகை, அதை ஒட்டிப் படுக்கிற அறை, சரளைக்கல் பரப்பிய முற்றத்தைத் தாண்டினால் கக்கூஸ். எல்லாம் அரசாங்க மானியத்தில் நடந்தது.

அந்த மானியத்தை இந்த வருஷம் பாதியாக்கிவிட்டார்களாம். வேலை கற்றுக் கொடுக்கத்தான் பணம், தூக்கிச் சுமக்க ஆள் வைப்பதற்கு இல்லை என்று மேலே இருந்து எழுதி வந்ததாம். இதைச் சொல்லும்போது வைகுண்டராஜ் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தன் சம்பளத்திலும் கை வைத்துவிட்டார்கள் என்பதை மட்டும் திரும்பத் திரும்பச் சொன்னார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"தன்னால பாத்துக்கிட முடிஞ்சவங்க இருக்கலாம். ஆள் வேணும்ங்கவங்க இப்பமே கையத் தூக்கிருங்க."

அய்யம்மாள் கையைத் தூக்கினாள். அவளுக்குப் பதினாலு வயசுதான். கையைத் தூக்கினால் ஆள் தருவார்கள் என்று நினைத்துக்கொண்டாள். மறுநாளே தேவதானத்தில் இருந்து அவள் அண்ணன் வந்து தகரப்பெட்டியை ஒரு கையிலும் அவளை ஒரு தோளிலுமாகத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தான். "கைய எறக்கிட்டேன் சார், எறக்கிட்டேன்" என்று அவள் அழுதது கேட் தாண்டிப் போகும் வரை கேட்டது.

அய்யம்மாள் கை தூக்கிய நேரம் சந்தனம் தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்கும் இடுப்புக்குக் கீழே எதுவும் அசையாது. சின்ன வயசில் வந்த காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. தினமும் ஆயா வேலுத்தாய்தான் அவளை இடுப்பில் தூக்கி வைத்து முற்றத்தைக் கடப்பாள். சந்தனமும் கை தூக்கியிருக்க வேண்டியவள்தான். தூக்கினால் சோழபுரத்துக்குப் போக வேண்டும்.

சோழபுரத்தில் அவள் வீடு ஒற்றை அறை. அப்பா இல்லை. அம்மா விடிந்ததும் களையெடுக்கப் போய்விடுவாள். நாய் நுழையும், வேண்டாத ஆள் நுழைவான் என்று கதவை வெளியே பூட்டிச் சாவியை முந்தியில் முடிந்துகொள்வாள். ஒரு நாள் பக்கத்து வைக்கோல் படப்பில் தீப்பிடித்தது. தெருவே கூடித் தண்ணீர் ஊற்றியது. சந்தனம் உள்ளே இருந்து கத்தினாள். பூட்டிய வீட்டுக்குள் ஆள் இருக்கும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. கதவிடுக்கு வழியாகப் புகை வந்து அறை முழுக்க நிறைந்தது. தாழ்வாரத்தில் கட்டியிருந்த ஆட்டை அவிழ்க்க வந்தவர் காதில்தான் கடைசியில் அந்தக் குரல் விழுந்தது. ஆடு மட்டும் அங்கே இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று அம்மா பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லி அழுதாள். மறுநாளும் வேலைக்குப் போனாள். மறுநாளும் பூட்டினாள். வேறு என்ன செய்வாள் அவளும்.

அதனால் மேனேஜர் தன் பக்கம் திரும்பி, உன் பாடு எப்படி என்று கேட்டபோது, நானே பார்த்துக்கொள்வேன் என்று சந்தனம் சொல்லிவிட்டாள்.

எப்படிப் பார்த்துக்கொள்வது என்று அடுத்த நாள் விடியும் முன்பே தெரிந்துபோயிற்று. கையை ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து முற்றத்தைக் கடந்தாள். சரளைக்கல் தொடையைக் கிழித்தது. கக்கூஸ் வாசலில் முழங்கால் உயரத்துக்குப் படி. மழைத் தண்ணீர் உள்ளே போகாமல் இருக்கக் கட்டியது. அந்தப் படியைப் பிடித்துத் தொங்கிப் பார்த்தாள், எக்கிப் பார்த்தாள். கடைசியில் வந்த வழியே திரும்பினாள்.

பக்கத்துப் பாயில் படுக்கிற தங்கபாய்க்கு ஒரு கால் மட்டும் சூம்பியது. வாய் மட்டும் நாலு பேருக்குக் காணும். அவள்தான் உடைந்த பேசின் ஒன்றைத் தேடிக்கொண்டு வந்தாள். விடியும் முன்பு ஒரு தடவை, இருட்டிய பிறகு ஒரு தடவை அதை வைத்துக்கொள்வது, அவள் கம்பு ஊன்றிக்கொண்டு போய்க் கொட்டிவிட்டு வருவது என்று ஏற்பாடு. பகலில் அதற்கு வழி இல்லை. கொட்டகைக்கும் படுக்கிற அறைக்கும் நடுவே கதவு கிடையாது. துணிக்கட்டு இறக்குகிற ஆண்கள் வருவார்கள், போவார்கள்.

ஆகவே சந்தனம் தண்ணீர் குடிப்பதை விட்டாள்.

முதல் நாள் அது அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. போகப் போகத் தகரக் கூரை தன் வேலையைக் காட்டியது. பங்குனி வெயிலில் கொட்டகை அடுப்பாகக் காய்ந்தது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. கட்டுத்துணியின் பஞ்சுத் தூசி தொண்டையில் போய் உட்கார்ந்து இறங்க மறுத்தது. சோறு தின்றால் தாகம் எடுக்கிறதென்று மத்தியானச் சோற்றையும் நிறுத்தினாள். பேசினுக்குப் போகிறபோது நீர்க்கடுப்பு உயிரைப் பிடுங்கியது. பானையில் யாராவது செம்பை முக்கும் சத்தம் கேட்டால் அவளுக்குக் கண் அங்கே போகும். யாராவது பார்த்துவிடுவார்களோ என்று உடனே திரும்பும்.

சோறாக்குகிற பிச்சையம்மாள்தான் முதலில் கவனித்தாள். ஏன் சாப்பிடுவதில்லை என்று வட்டிலோடு வந்து நின்று கேட்டாள். பொய் சொல்லிப் பழக்கம் இல்லாத சந்தனத்துக்கு அந்த நிமிஷம் வாயில் என்ன வந்ததோ அதைச் சொன்னாள். பூக்குழிக்கு விரதம் இருக்கிறேன் என்றாள்.

ஸ்ரீவில்லிபுத்தூர் மாரியம்மனுக்குப் பங்குனியில் பூக்குழி, தீ மிதிக்கிற திருவிழா. ராஜபாளையத்தில் தெருத்தெருவாக விரதம் இருப்பார்கள். பிச்சையம்மாள் வட்டிலைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கால் விளங்காத பிள்ளை, பச்சைத் தண்ணி கூடப் பல்லில் படாமல் விரதம் இருக்கிறதே என்று சாயந்திரத்துக்குள் அவள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள்.

தங்கபாய் வேதக்காரப் பெண், சர்ச்சுக்குப் போகிறவள். அன்றைக்குப் பாயில் குப்புறப் படுத்துச் சிரித்தாள்.

"ஏட்டி, உங்க மாரியாத்தா உன்னை நடந்து வரச் சொன்னாளா, இல்ல ஒண்ணுக்கு அடக்கச் சொன்னாளா?"

சந்தனத்துக்குச் சிரிப்பு வரவில்லை. பொய் எங்கே போய் முடியுமோ என்று பயந்தாள். அது வீண்போகவும் இல்லை. இரண்டு நாளில் வேலுத்தாயே வந்துவிட்டாள். வேலை போன பிறகு அவள் ஒரு நூல் மில்லில் கழிவுப் பஞ்சு பொறுக்கப் போய்க்கொண்டிருந்தாள். மஞ்சள் சேலை கட்டி, கழுத்தில் வேப்பிலை மாலை போட்டிருந்தாள். ஒவ்வொரு வருஷமும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு நடந்து போகிறவள். சந்தனத்தின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்து, தன் கையாலேயே அவள் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைக் காப்பாகக் கட்டினாள். உன்னைத் தூக்க ஆளில்லையே, எப்படிம்மா போய் வருகிறாய் என்று கேட்டாள். போய்க்கிடுதேன் அக்கா என்றாள் சந்தனம். கயிறு மணிக்கட்டில் ஈரமாக இறுகியது. காப்புக் கட்டிக்கொண்டு பொய் சொன்னால் அம்மை போட்டுவிடும் என்று ஊரில் சொல்லுவார்கள். அன்றிலிருந்து விடிந்ததும் விடியாததுமாகக் கையையும் முகத்தையும் தடவி, முத்து ஏதாவது போட்டிருக்கிறதா என்று பார்ப்பது அவள் வேலையாயிற்று. உடம்பு எப்போதும் கணகணவென்றே இருந்தது.

வேலுத்தாயின் கூட்டம் நடைபயணம் கிளம்பிய காலையில்தான் ஜில்லா ஆபீசில் இருந்து ஜீப் வந்தது.

சௌந்தரபாண்டியன் என்று ஓர் அதிகாரி. நடுத்தர வயது, வெள்ளைச் சட்டை, அடிக்கடி கண்ணாடியைக் கழற்றித் துடைக்கிற பழக்கம். மானியம் குறைந்த பிறகு விடுதி எப்படி நடக்கிறது என்று பார்க்க வந்திருந்தார். வைகுண்டராஜ் அவரை வரிசையாக அழைத்துப் போய்க் காட்டினார். ஆயா இல்லாமலே எல்லாரும் தங்கள் காரியத்தைத் தாங்களே பார்க்கப் பழகிவிட்டார்கள் என்றார். சந்தனத்தின் முன்னால் வந்ததும், இந்தப் பிள்ளை அம்மனுக்கு விரதம்கூட இருக்கிறது சார் என்று பெருமையாகச் சொன்னார்.

அந்த நேரம் பார்த்து ரோட்டில் குலவைச் சத்தம் கேட்டது. மஞ்சள் சேலைகளாகக் கொட்டகைக்குள் நுழைந்தார்கள். முன்னால் வேலுத்தாய், இடுப்பில் பானக்காரக் குடம். புளியும் கருப்பட்டியும் ஏலமும் கரைத்த அந்த வாசனை சந்தனத்தின் மூக்கில் ஏறியதும் அவளுக்குத் தலை சுற்றியது.

வேலுத்தாயின் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. காப்புக் கட்டியும் நடக்க முடியாமல் போனவர்கள் வீட்டு வாசலில் நின்று, அவர்கள் பானக்காரம் குடித்த பிறகுதான் மற்றவர்கள் வாயை நனைப்பார்கள். குடித்தவளின் நடையையும் சேர்த்துத் தாங்கள் நடந்துவிடுவதாகக் கணக்கு. வேண்டாம் என்று யாரும் சொன்னதில்லை.

சந்தனம் வேண்டாம் என்றாள். கூட்டம் அவளைப் பார்த்தது. தண்ணீர்கூட விட்டுக் கடும் விரதம் இருக்கிறேன் என்று முனகினாள்.

"ஆத்தாளுக்குப் படைச்சதும்மா இது. நீ குடிக்காம நாங்க எப்படிக் குடிக்க? வெயிலு ஏறுதுல்லா."

வேலுத்தாய் செம்பை அவள் உதட்டில் வைத்துவிட்டாள். ஒரு மடக்கு குடித்துவிட்டு வாயை எடுத்துவிடலாம் என்றுதான் சந்தனம் நினைத்தாள். ஆனால் தொண்டை அவள் பேச்சைக் கேட்கவில்லை. இத்தனை நாள் காய்ந்து கிடந்த உடம்பு செம்பைப் பற்றிக்கொண்டது. காலியான செம்பை வேலுத்தாய் மறுபடி நிறைத்தாள். அதையும் குடித்தாள். கூட்டம் குலவை போட்டது. எல்லாரும் ஆளுக்கு ஒரு வாய் குடித்துவிட்டு, வெயிலுக்கு முந்திவிட வேண்டும் என்று ரோட்டில் இறங்கி நடந்துவிட்டார்கள். குலவை தூரத்துக்குப் போய்க் கரைந்தது.

அதிகாரி போகவில்லை.

அவருக்கு டீ வந்தது. அறையில் போய் உட்கார்ந்து காகிதம் பார்த்தார். வெளியே வந்து ஒவ்வொரு பெண்ணிடமும் ஊர் எது, எத்தனை சுருள் சுற்றுகிறாய் என்று நிதானமாகக் கேட்டார். சந்தனம் துணியைச் சுற்றிக்கொண்டே இருந்தாள். அடிவயிற்றில் முதலில் ஒரு கனம். பிறகு ஒரு குத்தல். அவளைச் சுற்றி வெள்ளைவெளேரென்று துணி அடுக்கியிருந்தது. புண்ணில் வைக்கப் போகிற துணி. அதில் ஒரு சொட்டுப் பட்டாலும் கட்டு முழுக்கப் போய்விடும். பல்லைக் கடித்துக்கொண்டாள். வேர்வை புருவத்தில் இருந்து கண்ணுக்குள் இறங்கியது. இந்த ஆள் எழுந்து போய்விட வேண்டும் என்று காப்புக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு வேண்டினாள். பொய் சொன்னவள் வேண்டுதலை யார் கேட்பார்கள் என்ற நினைப்பும் கூடவே வந்தது.

அதிகாரி அவளிடம் வந்தார். ஏதும் குறை இருக்கிறதா என்று, எல்லாரிடமும் கேட்டதைப் போலவே கேட்டார். அவருக்குப் பின்னால் வைகுண்டராஜ் நின்று லேசாகத் தலையை ஆட்டினார். இல்லை என்று சொல், அவ்வளவுதான்.

சந்தனம் வாயைத் திறந்தாள். வேறு சொல் வந்தது.

"ஒண்ணுக்குப் போகணும் சார். தூக்கிட்டுப் போக ஆள் இல்ல."

கொட்டகையில் கத்திரிக்கோல் சத்தங்கள் நின்றன. வைகுண்டராஜ் தங்கபாயைப் பார்த்து, கூட்டிப் போ என்றார். தனக்கே ஒரு கால் இரும்பு, தான் எங்கே தூக்க என்று தங்கபாய் கேட்டாள். ஜீப் டிரைவர் ஓர் அடி முன்னால் வந்து, பெண்பிள்ளையைத் தொடலாமா என்று புரியாமல் நின்றுவிட்டான். நல்ல உடம்போடு அங்கே இருந்தவர்கள் எல்லாம் ஆண்கள், பிச்சையம்மாளைத் தவிர. அவளோ ஒரு குடம் தண்ணீரையே இரண்டு தடவை இறக்கி வைத்துத் தூக்குகிறவள்.

கடைசியில் தங்கபாய் ஒரு சாக்கைக் கொண்டுவந்து விரித்தாள். சந்தனம் அதில் ஏறிக்கொள்ள, தங்கபாயும் பிச்சையம்மாளும் இரும்புக்கால் போட்ட இன்னொருத்தி சீனியம்மாளும் சாக்கின் முனையைப் பிடித்து இழுத்தார்கள். சரளைக்கல்லில் சாக்கு நின்று நின்று வந்தது. சீனியம்மாள் விழுந்து எழுந்தாள். சந்தனம் கண்ணை மூடிக்கொண்டாள். முதுகுக்குப் பின்னால் ஆண்கள் நின்று பார்ப்பது தோலில் தெரிந்தது. படி வந்தது. ஒருத்தி அக்குளில் கை கொடுத்துத் தூக்க, ஒருத்தி கீழே இருந்து தள்ள, பாதி உயரம் போய்ச் சறுக்கிக் கீழே வந்தாள்.

அதற்கு மேல் உடம்பு தாங்கவில்லை. படிக்கு இந்தப் பக்கமே சாக்கு நனைந்தது.

தங்கபாய் மட்டும் தன் தாவணியை விரித்துப் பிடித்து மறைப்பாக நின்றாள்.

அதிகாரி முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணாடியைத் துடைத்தார். நல்ல மனுஷர்தான். வைகுண்டராஜைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். ஆனால் அந்த முற்றத்தில் எதுவும் தனியாகச் சொல்ல முடியாது.

"இதை நான் எழுதினால் ஆயா போடச் சொல்லி உத்தரவு வரலாம். ஆள் இல்லாத இடத்தில் இவர்களை வைத்திருக்கக் கூடாது, விடுதியை மூடு என்றும் வரலாம். என் கையில் இல்லை. பேசாமல் இந்தப் பெண்ணை இன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். நான் எதையும் பார்க்கவில்லை."

வைகுண்டராஜ் கையெடுத்துக் கும்பிட்டார். மற்றவர்கள் பிழைப்பாவது நிற்கும் சார் என்றார்.

நனைந்த சாக்கில் உட்கார்ந்தபடியே சந்தனம் அதைக் கேட்டாள். இன்றைக்கே என்றால் சாயந்திரப் பஸ். நாளைக் காலையில் பூட்டு. இத்தனை நாள் பயந்தது எல்லாம் நடந்து முடிந்திருந்தது. இனிமேல் மறைத்து வைக்க உடம்பில் ஒன்றும் பாக்கியில்லை.

"எழுதுங்க சார்" என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. மறுபடி சொன்னாள். "எழுதுங்க. நான் இம்புட்டு நாளும் தண்ணி குடிக்கல. விரதம் இல்ல அது."

தங்கபாய் தாவணியைக் கீழே விட்டாள்.

"ஏட்டி, உன்னோட சேத்து எங்களையும் அனுப்பவா? எனக்கு மட்டும் வீடு காத்துக்கிட்டு இருக்காக்கும்?"

தங்கபாய்க்குத் திரும்பிப் போக இருப்பது சித்தப்பா வீடு ஒன்றுதான், அங்கே அவளை யாருக்கும் வேண்டாம் என்று சந்தனத்துக்குத் தெரியும். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். கொட்டகை வாசலில் நின்ற பெண்கள் அவளையும் அதிகாரியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஒருத்தி அழுதாள். விழுந்ததில் முழங்கை கிழிந்திருந்த சீனியம்மாள் அதைப் பார்த்துக்கொண்டே, யாரிடம் என்று இல்லாமல் சொன்னாள். இரும்புக்காலோடு குந்த முடியாது, முன்னே ஆயா பிடித்துக்கொள்வாள், தானும் பகலில் குடிப்பதில்லை என்று.

அதிகாரி வைகுண்டராஜிடம் நாற்காலி கொண்டுவரச் சொல்லி, கொட்டகைக்குள் போகாமல் முற்றத்திலேயே போட்டு, கக்கூஸ் படியைப் பார்க்க உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதினார் என்று யாருக்கும் தெரியாது. வாசித்துக் காட்டவில்லை. உத்தரவு வரும்வரை யாரையும் அனுப்பக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்றைக்குச் சாயந்திரம் யாரும் சந்தனத்தோடு பேசவில்லை. வைகுண்டராஜ் அறையை விட்டு வெளியே வரவில்லை. ரோட்டில் ஒவ்வொரு வண்டி போகும்போதும் எல்லாருடைய கையும் ஒரு நொடி நின்றது. உத்தரவு அத்தனை சீக்கிரம் வராது என்று தெரிந்தும் நின்றது. சந்தனம் காப்புக் கயிற்றைத் தடவிக்கொண்டே இருந்தாள். அவிழ்க்கவும் பயம், வைத்திருக்கவும் பயம்.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் தங்கபாய் கம்பைத் தட்டிக்கொண்டு வந்தாள். ஒரு வாளித் தண்ணீரையும் துண்டையும் கொண்டுவந்து, முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டே சந்தனத்தின் தொடையில் இருந்த மண்ணைத் துடைத்துவிட்டாள். கல் கிழித்த இடத்தில் தண்ணீர் பட்டு எரிந்தது.

"விடுதிய மூடட்டும், பொறவு இருக்கு உனக்கு" என்றாள்.

பிறகு பானையில் செம்பை முக்கி எடுத்துவந்து நீட்டினாள். சந்தனம் வாங்கவில்லை. நாளைக்குப் பகலில் யார் இழுப்பார்கள் என்று கேட்டாள். தங்கபாய் செம்பைக் கீழே வைக்கவில்லை. நீட்டின கை வலித்ததோ என்னவோ, கொஞ்ச நேரத்தில் அது ஆடத் தொடங்கியது, தண்ணீர் தளும்பிப் பாயில் சிந்தியது.

சந்தனம் வாங்கிக் குடித்தாள். மருந்து குடிக்கிற பிள்ளையைப் போல, ஒவ்வொரு மடக்குக்கும் நிறுத்தி, வயிற்றைக் கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு குடித்தாள். எதிர்ச் சுவரோரம் இருந்த சீனியம்மாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தனம் குடித்து முடித்ததும், அவளும், அந்தச் செம்பை நிறைத்து இந்தப் பக்கம் தள்ளு என்று தங்கபாயிடம் கையைக் காட்டினாள்.